பட்டு ஜாக்கெட் தைக்க: வீட்டு டெய்லரா, பொட்டிக்கா?

என் ஓட்டு பெரும்பாலும் நம்ம தெருவில் வீட்டிலேயே தைக்கும் அக்காவுக்கே. அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தால் போதும், கூலியும் குறைவு. "உள்தையல்ல ஒரு இஞ்ச் விடுங்கக்கா" என்று சொல்லிவிட்டால், உடம்பு போட்டாலும் பிரித்துக்கொண்டு அதையே போடலாம். பருத்தி லைனிங்கை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதல் சலவையிலேயே சுருங்கி மேல்துணியை இழுக்கும். தை, ஆவணி முகூர்த்த நேரத்தில் மட்டும் அக்கா சொல்லும் தேதியை நம்பாதீர்கள்.

பொட்டிக்கில் உடம்பிலேயே அளவெடுப்பார்கள். பிரின்சஸ் கட் (உடம்போடு பொருந்த நீளவாக்கில் தையல் போடும் வெட்டு), ஆழமான பின்கழுத்து, ஆரி வேலை (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) என்றால் அங்கே போவதுதான் சரி. ஆரிக்குத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கையால் போட வேண்டும். தையல் அதற்கு அப்புறம்தான். நாளும் பிடிக்கும், பில்லும் ஏறும். தினசரி உடுத்தும் சேலைக்கு இதெல்லாம் வீண்செலவு.