கட்ச் சிறிய ரண்ணில் டெலி லென்ஸ்: பல குளிர்காலங்கள் புழங்கிய பிறகு

குஜராத்தில் சிறிய ரண் என்ற உப்புச் சமவெளியில் உள்ள காட்டுக் கழுதை சரணாலயத்துக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, 600 மி.மீ. லென்ஸ் போதுமா, அதன் எட்டத்தை 1.4 மடங்காக்கும் கன்வெர்ட்டரும் எடுத்துக்கொள்ளட்டுமா என்பதுதான். அதே கருவிகளைப் பல குளிர்காலங்கள் அங்கே புழங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்: கன்வெர்ட்டரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ரண்ணில் படத்தைக் கெடுப்பவை கானலும் உப்புத் தூசியும். கன்வெர்ட்டர் இரண்டையும் கூட்டத்தான் செய்யும்.

விலங்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2024 கணக்கெடுப்பில் குஜராத்தில் 7,672 காட்டுக் கழுதைகள் பதிவாகின. பஜானா வழியாகவோ தசாடா, ஜைனாபாத் பக்கமாகவோ நுழைந்தால் கூட்டங்கள் கண்ணில் பட்டுவிடும். ஆகவே முதல் கூட்டத்தைக் கண்டதும் அடுத்ததைத் தேடி ஓடாதீர்கள். இன்ஜினை அணைத்துவிட்டு அங்கேயே இருங்கள். மேய்ந்தபடி அவையே நெருங்கி வருவதுண்டு. துரத்தினால் வால்பக்கமும் புழுதியும்தான் கிடைக்கும். தண்ணீர் அரிதான நிலத்தில் ஒரு விலங்கை வீணாக ஓடவைப்பது தவறும்கூட.

முதலில் கானல். ஜனவரியில் அங்கே சூரியன் எழவே ஏழேகால் தாண்டிவிடும், சென்னைக் கணக்கில் போகாதீர்கள். அதன்பின் தரை சூடேறும்வரை, அதாவது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் தூரத்துப் படம் தெளிவாக வரும். பிறகு தரையை ஒட்டிய காற்று சூடாகி அலையத் தொடங்கும். வெப்பம் மாறும் ஒவ்வொரு அடுக்கிலும் ஒளி வளைவதால் மயிரிழைகள் கரைந்து, உடலின் ஓரம் நெளிந்து நிற்கும். ஷட்டரை 1/4000க்கு ஏற்றினாலும் தீராது. நெளிந்த உருவத்தையே உறையவைக்கும், அவ்வளவுதான்.

இதை லென்ஸின் கோளாறு என்று நினைத்து சர்வீஸுக்கு அனுப்புகிறவர்கள் நிறைய. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அசையாமல் நிற்கும் கழுதையைத் தொடர்ச்சியாக 15, 20 ஃபிரேம் எடுத்து முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபோகஸ் தவறியிருந்தால் முன்னாலோ பின்னாலோ ஏதாவது மண்கட்டியாவது கூர்மையாக இருக்கும். கானலென்றால் எந்த இடமும் கூர்மையாக இராது, ஃபிரேமுக்கு ஃபிரேம் மங்கலும் மாறும்.

தரைமட்டக் கோணம் பின்னணியை அழகாகக் கரைத்துத் தரும் என்று எல்லோரும் படுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கேமரா தாழத் தாழ, பார்வைக்கோடு முழுக்க அந்தச் சூடான அடுக்குக்குள்ளேயே போகிறது. முதல் ஒரு மணி நேரத்தில், 30, 40 மீட்டருக்குள் விலங்கு இருந்தால் மட்டும் படுங்கள். வெயில் ஏறினால் ஜிப்சியின் (சஃபாரிக்குப் போகும் திறந்த ஜீப்) மேல் நின்று எடுப்பதே மேல். மேகமூட்டமான நாளும், ஈரம் காயாத சேற்றுத்தரை ஓரமும் இன்னும் கொஞ்ச நேரம் கொடுக்கும். மாலையில் தரை சூடு இறங்கத் தாமதமாகும். கடைசி அரை மணி நேரத்தை நம்புங்கள். பானெட்டுக்கு மேலாக எடுத்தால் இன்ஜின் சூடே ஒரு சிறு கானலை உண்டாக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அடுத்தது தூசி. இங்கே பறப்பது வெறும் மண்ணல்ல, உப்பு கலந்த நுண்பொடி. உப்பு ஈரத்தை இழுக்கும். அதிகாலைப் பனியில் அது லென்ஸின் முன்கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படியும், திருகுகளின் இடுக்கில் உப்புநீராக இறங்கித் துருவைக் கிளப்பும். குழாய் நீண்டு வெளியே வரும் வகை ஜூம்களில், உள்ளே இழுக்கும்போது குழாயில் ஒட்டிய பொடியும் சேர்ந்து உள்ளே போகிறது. சில பருவங்களில் வளையம் நறநறவென்று பேச ஆரம்பித்துவிடும். அத்தகைய லென்ஸ்தான் கையில் இருக்கிறதென்றால், ஒவ்வொரு முறை சுருக்குமுன்னும் நீண்ட குழாயை மென்தூரிகையால் துடையுங்கள். ஓடும் வண்டியில் ஜூமை நீட்டாதீர்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்கு, சோனி 200-600 போல நீளம் மாறாமல் உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும் லென்ஸ்தான் எங்கள் பரிந்துரை. பாதுகாப்புக்கென்று யு.வி. ஃபில்டர் மாட்டினால் எதிர்வெயிலில் பேய்ப்பிம்பம் விழுகிறது. ஆழமான ஹூட் போதும்.

வெளியில் லென்ஸ் மாற்றவே கூடாது. ஒரு கேமரா பாடியில் நீண்ட ஜூம், இன்னொன்றில் 70-200 அல்லது 24-105. வெள்ளைத் தரையும் விரிந்த வானமும்தான் இந்த நிலத்தின் அடையாளம், அகல லென்ஸை எடுக்காமல் திரும்பினால் பாதி ரண் விடுபட்டுவிடும். வண்டி ஓடும்போது லென்ஸ் முழுவதையும் பழைய தலையணை உறைக்குள் போட்டுவிடுங்கள். மழைக்கவசத்தைவிடச் சீக்கிரம் எடுத்து வைக்கலாம். முன்னால் இன்னொரு ஜிப்சி போனால், அதன் புழுதி அடங்கும் தூரம் விட்டு வரச் சொல்லுங்கள்.

லென்ஸைத் தாங்கும் பீன் பேக் என்ற துணிப்பையைக் காலியாகக் கொண்டுபோய், கிராமத்துக் கடையில் மூன்று நான்கு கிலோ கம்பு வாங்கி நிரப்புங்கள். ஜிப்சிக் கம்பியில் ட்ரைபாடைவிட அது நன்றாக உட்காரும்.

கேமரா வெளிச்சத்தை அளக்கும் மீட்டரிங்கில் ஒரு சிக்கல் உண்டு. உப்புத்தரை ஃபிரேமை நிறைத்தால் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும், எக்ஸ்போஷரை +0.7 முதல் +1 வரை ஏற்ற வேண்டும். ஆனால் கழுதையின் வயிறும் விலாவின் கீழ்ப்பகுதியும் வெள்ளை; நேர்வெயிலில் முதலில் வெளிறிப்போவது அதுதான். ஆகவே ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்த்து ஏற்றுங்கள், பகல் வெளிச்சத்தில் திரையை நம்பாதீர்கள். ஓட்டத்துக்கு ஷட்டர் 1/2000, பக்கவாட்டில் இணையாக ஓடினால் 1/60இல் பேனிங், அதாவது விலங்கோடு கேமராவைத் திருப்பியபடி எடுப்பது, முயலலாம்.

பேட் என்று அங்கே சொல்லும் மேட்டுத் திட்டுகளில் நம் ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலமே மண்டிக் கிடக்கிறது. முள் செருப்பைத் துளைக்கும், தடித்த அடி உள்ள ஷூ அவசியம். புல்வெளித் திட்டுகளில் குளிர்காலத்தில் குட்டைக்காது ஆந்தை தரையில் அமர்ந்திருக்கும். வண்டியை விட்டு இறங்காமல் இருந்தால் நெருக்கமாகவே எடுக்கலாம். ஹூபாரா என்ற தரைவாழ் பறவை அப்படியல்ல. நேராக வண்டியை விட்டால் பறந்துவிடும், சாய்கோணத்தில் நின்று நின்று போக வேண்டும்.

ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை சரணாலயம் மூடியிருக்கும். திறந்தவுடன் போகிறவர்கள் தடத்தை விட்டு விலக வேண்டாம் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். மேலே காய்ந்த ஓடு, கீழே களிச்சேறு. வண்டி உட்கார்ந்தால் அன்றைய வெளிச்சம் போயிற்று.

இரவில் அறைக்கு வந்ததும் துணியைத் தொடாதீர்கள். முதலில் ப்ளோயர், பிறகு தூரிகை. அதற்குப் பிறகுதான் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர். உப்புப் பரலோடு துடைத்தால் பூச்சு கீறும். டயர் கடைக் காற்றுக்குழாய் வேண்டவே வேண்டாம், பொடியை சீலுக்குள் ஏற்றிவிடும். எஃப்16இல் வெற்றுச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம் எடுத்து சென்சாரைச் சோதியுங்கள். புள்ளி தெரிந்தால் பாடியைக் கவிழ்த்துப் பிடித்து ஊதுங்கள். சென்சாரைத் துடைக்கும் ஈரக்குச்சியை ஊருக்குத் திரும்பிய பின் வைத்துக்கொள்ளலாம். பிறகு சிலிகா ஜெல் போட்ட பையில் வைத்து மூடுங்கள். ஊர் திரும்பியதும் லென்ஸ் காலில் (ட்ரைபாடில் பொருத்தும் அடிப்பகுதி) உள்ள பிளேட்டைக் கழற்றி, திருகுகளை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். அப்படியே விட்டால் அடுத்த பருவத்தில் ஆலன் சாவிக்கு அசையாது.