பச்சையமில்லா லில்லி நாற்று: மண்ணா, சர்க்கரை நீரா, ஒட்டா, புட்டியா?

லிலியம் ஃபார்மோசானம் என்ற லில்லி வகையை விதைத்த தட்டில் எப்போதாவது ஒன்றிரண்டு நாற்றுகள் பால்வெள்ளையாகத் தலைகாட்டும். கொக்கிபோல் வளைந்த முதல் இலை, நுனியில் ஒட்டிய விதையுறை எல்லாம் மற்றவைபோலத்தான். பச்சையம் மட்டும் இருக்காது. ஒரு வாரம் வெளிச்சமான நிழலில் வைத்துப் பாருங்கள். இருட்டில் முளைத்து வெளுத்ததென்றால் பச்சை ஏறிவிடும். ஏறாவிட்டால்தான் கீழே உள்ள பேச்சு.

மண்ணிலேயே விட்டால் விதைச் சேமிப்பு தீரும்வரை, அதாவது சில வாரங்கள்தான் ஆயுள். உரம் தாது உப்பைத் தரும், உணவைத் தராது. நேர்வெயிலில் இலை இன்னும் சீக்கிரம் கருகும்.

சர்க்கரை நீர் ஊற்றுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வேர் உறிஞ்சுவதற்குள் பூஞ்சையும் பாக்டீரியாவும் முந்திக்கொள்ளும். அடித்தண்டு நீர்கோத்துப் பழுப்பாகி நாற்று சாய்ந்துவிடும்.

சிவப்புக் கள்ளியைப் பச்சைக் கள்ளிமேல் ஒட்டி வாழவைப்பதைப் பார்த்து, லில்லியிலும் முடியுமா என்று கேட்கிறார்கள். லில்லி ஒருவித்திலைத் தாவரம். ஒட்டை இணைக்கும் கேம்பியம், அதாவது தண்டில் புதுத் திசு உருவாக்கும் அடுக்கு, அதற்கில்லை. 2021இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கோதுமை போன்றவற்றில் ஒட்டுப்போட்டுக் காட்டினார்கள். ஆனால் விதைக்குள்ளிருக்கும் முளைக்கருத் திசுவை எடுத்துத்தான். வீட்டில் நடக்கிற வேலையல்ல.

மிஞ்சுவது புட்டி, அதாவது திசு வளர்ப்பு. கிருமியற்ற ஊடகத்தில் சர்க்கரை நாற்றுக்கு மட்டும் கிடைக்கும். ஒரு லிட்டருக்கு விட்டமின் சேர்ந்த முராஷிகி–ஸ்கூக் தூள் (திசு வளர்ப்புக்கான தாது உப்புக் கலவை) 2.2 கிராம் (அரை வீரியம்), சர்க்கரை 30 கிராம்; பிஹெச் 5.8க்குக் கொண்டுவந்தபின், ஊடகத்தைக் கூழாக உறையவைக்கும் அகார் 7 கிராம். காய்ச்சிப் புட்டிகளில் ஊற்றி, பிரஷர் குக்கரில் முழு அழுத்தம் வந்தபிறகு 20 நிமிடம்.

மண்ணில் முளைத்த நாற்றைச் சுத்தம் செய்வது பெரும்பாடு: பிளீச் குறைந்தால் பூஞ்சணம், கூடினால் திசு சாகும். அதனால் வெள்ளை நாற்று வரும் வாய்ப்புள்ள காயின் விதைகளை முதலிலேயே புட்டியில் போடுங்கள். அதற்குமுன் விதைகளைக் கிருமிநீக்க வேண்டும்: 70 சதவீத ஆல்கஹாலில் அரை நிமிடம். ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு நான்கு பங்கு நீர் கலந்து, ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டு 12 நிமிடம். பிரஷர் குக்கரில் அதேபோல் கிருமிநீக்கி ஆறிய நீரில் மூன்று முறை அலசல். மூடிய பெட்டிக்குள், காற்றசையாமல் செய்யுங்கள்.

20–22 டிகிரி, மங்கலான வெளிச்சம் போதும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கொருமுறை புது ஊடகத்துக்கு மாற்றுங்கள். சர்க்கரையை 60 கிராமாக்கினால் அடியில் குமிழ் பருக்கும். அதன் செதிலைப் பிரித்து வைத்தால் அடுத்த வெள்ளைக் குமிழ்கள் வரும். மண்ணுக்கு மட்டும் மாற்ற முடியாது.

தன்மகரந்தச் சேர்க்கையில் நான்கில் ஒன்று வெளுத்திருந்தால், அந்தக் காயின் பச்சை நாற்றுகளில் மூன்றில் இரண்டு பங்கு, வெளுப்புக்கான மரபணுவை வெளியே தெரியாமல் சுமக்கும். அந்தக் காயின் பச்சை நாற்றுகளையெல்லாம் தனியே குறித்து வளர்த்தால், அடுத்த தலைமுறைக்கு விதை கையிலிருக்கும்.