மின்தொகுப்பு விழுந்தால் பில் யார் பெயருக்கு? டெக்சாஸ் 2021-ஐ வைத்து ஓர் ஒப்பீடு

2021 பிப்ரவரி உறைபனியில் டெக்சாஸில் 45 லட்சம் இணைப்புகளுக்கு மேல் மின்சாரம் இல்லை. மாநில சுகாதாரத் துறைக் கணக்கில் இறந்தவர்கள் 246 பேர். தொகுப்பு அப்படி விழுந்தால் செலவை யார் தலையில் கட்டுவது? பேசப்படும் வழிகள் நான்கு: நுகர்வோர் பில், அரசுப் பணம், தொகுப்பை நடத்தும் அமைப்பு, தருவதாகச் சொல்லிவிட்டுத் தராமல் போன மின் நிலையம். நான் நான்காவது பக்கம்.

முதலில் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். 15-ஆம் தேதி அதிகாலை 2 மணிக்குச் சற்று முன், தேவைக்கு உற்பத்தி போதாமல் தொகுப்பின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸிலிருந்து சுமார் 59.3-க்கு இறங்கியது. 59.4-க்குக் கீழே 9 நிமிடம் நின்றிருந்தால் நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே கழன்றிருக்கும். மாநிலம் முழுவதும் இருண்டு, மீட்க வாரக்கணக்கில் ஆகியிருக்கும். நின்றது நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகம். தொகுப்பை நடத்தும் எர்காட் சுமார் 20,000 மெகாவாட் சுமையை, அதாவது வாடிக்கையாளர்களுக்குப் போகும் மின்சாரத்தை, வெட்டித்தான் தொகுப்பைக் காப்பாற்றியது. அன்றே மாநில மின் ஒழுங்குமுறை ஆணையம் மின்சாரத்தின் மொத்தக் கொள்முதல் விலையை உச்சவரம்பான மெகாவாட்-மணிக்கு 9,000 டாலரில் நிறுத்தச் சொன்னது. யூனிட்டுக்கு 9 டாலர். சாதாரண நாளில் அது சில சென்ட்தான். 17-ஆம் தேதி நள்ளிரவோடு மின்வெட்டு உத்தரவு முடிந்தும், விலை 19-ஆம் தேதி காலைவரை இறங்கவில்லை. அந்த முப்பத்துச் சொச்ச மணிநேரத்துக்கு மட்டும் 1,600 கோடி டாலர் கூடுதலாகக் கணக்காகிவிட்டது என்று சந்தைக் கண்காணிப்பாளரான பொட்டோமாக் எக்கனாமிக்ஸ் சொன்னது. ஆணையம் விலையைத் திருத்த மறுத்தது.

நுகர்வோர் பில் என்ற வழியைத்தான் டெக்சாஸ் பெரும்பாலும் பிடித்தது. எர்காட் கணக்கில் ஒருவர் பாக்கி வைத்தால், அது சந்தையிலுள்ள மற்றவர்கள் மேல் பகிரப்படும். பிராசோஸ் மின் கூட்டுறவுக்கு வந்த பில் 180 கோடி டாலருக்கு மேல். மார்ச் 1-ஆம் தேதி அது திவால் மனு கொடுத்தது. ஆக, முன்கூட்டியே விலை பேசி ஒழுங்காக வாங்கியிருந்தவர்களும் அடுத்தவர் பாக்கியில் பங்கு கொடுக்கவேண்டிய நிலை. பிறகு 210 கோடி டாலர் அளவுக்குக் கடன்பத்திரத்துக்கு வழி செய்யப்பட்டது. எரிவாயு விநியோக நிறுவனங்களுக்காக இன்னொரு 340 கோடி. இரண்டும் மாதாமாதம் பில்லில் சிறு தொகையாக வரும். சிறு தொகை என்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. இருட்டில் கிடந்த வீடும் அதே தொகையைக் கட்டுகிறது.

அரசுப் பணம் என்பது பெயரளவில்தான் தனி வழி. பாக்கிகளை அடைக்க மாநிலச் சேமநிதியிலிருந்து வந்த 80 கோடி டாலர், திருப்பிக் கட்டவேண்டிய கடன். அதுவும் சுற்றிக்கொண்டு பில்லுக்குத்தான் வருகிறது.

எர்காட்டைப் பிடிப்பதில் இன்னும் குறைவான பயன். அது லாபநோக்கற்ற அமைப்பு, பங்குதாரர் கிடையாது, வருமானமே சந்தையில் வசூலிக்கும் கட்டணம். அதற்கு அபராதம் போட்டால் கட்டணம் ஏறும், அவ்வளவுதான். எப்படியும் 2023 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் எர்காட்டுக்கு அரசு அமைப்புக்குரிய வழக்குக் காப்பு உண்டு, அதன் மேல் நஷ்ட வழக்குப் போட முடியாது என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஹூஸ்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், உற்பத்தி நிறுவனங்களுக்குச் சில்லறை நுகர்வோர்பால் சட்டக் கடமை ஏதும் இல்லை என்றது. போட்டிச் சந்தையில் உற்பத்தி ஒரு கை, கம்பி ஒரு கை, பில் ஒரு கை. விழும்போது எந்தக் கையும் பொறுப்பேற்பதில்லை.

இனி நான்காவது வழி. இதில் எனக்கு முடிவைத் தருவது ஒரே விஷயம்: குளிர்காலப் பராமரிப்பு.

நிலையம் எப்படி விழுகிறது என்று அருகில் போய்ப் பாருங்கள். பாய்லர் டிரம்மின் நீர்மட்டத்தை அளக்கும் டிரான்ஸ்மிட்டருக்கு அரை அங்குலக் குழாய் ஒன்று போகும். அதிலுள்ள நீர் ஓடாது, அப்படியே நிற்கும். அதனால் முதலில் உறைவது அதுதான். உறைந்ததும் டிரான்ஸ்மிட்டர் பொய்யான மட்டத்தைக் காட்டும். கட்டுப்பாட்டு அமைப்பு பாய்லரைக் காப்பாற்ற அந்த மின் உற்பத்தி யூனிட்டையே டிரிப் செய்து நிறுத்திவிடும். ஒரு விரல்கடைக் குழாய்க்காக 500 மெகாவாட் போச்சு. தடுப்பது பெரிய வித்தையில்லை: குழாயோடு ஹீட் டிரேசிங் கேபிள் (மின்சாரத்தால் சூடேற்றும் கம்பி), மேலே இன்சுலேஷன், அதற்கும் மேலே தகடு, வடக்குப் பக்கம் காற்றுத் தடுப்பு. ஆனால் ஒருமுறை செய்துவிட்டு மறக்கிற வேலையும் இல்லை. ஓவர்ஹாலில் டிரான்ஸ்மிட்டரை மாற்றுபவர் இன்சுலேஷனைப் பிரிப்பார், திரும்பச் சுற்றமாட்டார். கேபிளின் பிரேக்கர் எப்போதோ விழுந்திருக்கும். அலாரம் இல்லாவிட்டால் குளிர் வரும்வரை யாருக்கும் தெரியாது. அக்டோபரில் ஒவ்வொரு சர்க்யூட்டிலும் கரன்ட் ஓடுகிறதா என்று கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த வேலைக்குக் கையெழுத்துப் போடுபவர் நிலைய முதலாளி. வாடிக்கையாளரோ எர்காட்டோ அந்தக் குழாயைத் தொடக்கூட முடியாது.

2011 உறைபனிக்குப் பிறகே இந்தப் பரிந்துரைகள் எழுத்தில் இருந்தன, கட்டாயமாக்கப்படவில்லை. 2021-ஐ ஆராய்ந்த கூட்டாட்சி அறிக்கை சொல்வது: குளிர்ப் பாதிப்பால் நின்ற நிகழ்வுகளில் 81 சதவீதம், அந்த யூனிட்டுகள் தாங்கும் என்று உரிமையாளர்களே குறிப்பிட்டிருந்த வெப்பநிலைக்கு மேலேயே நடந்தன. எதிர்பாராத குளிர் என்ற வாதம் இங்கே நிற்காது.

டெக்சாஸ் சந்தையே தண்டித்துவிடுகிறது என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. முன்பேரத்தில் விற்றுவிட்டுத் தராதவர்கள் 9,000 டாலருக்கு வாங்கி ஈடுகட்டினார்கள். அந்த வாரம் மின் உற்பத்தி நிறுவனமான விஸ்ட்ராவுக்கு மட்டும் சுமார் 160 கோடி டாலர் நஷ்டம். ஆனால் முன்பேரம் செய்யாத நிலையம் விழுந்தால் இழப்பது விற்காத மின்சாரத்தின் வருமானத்தை மட்டுமே. பல நிலையங்கள் வைத்திருப்பவருக்கு ஒன்று விழுந்தாலும் மற்றவை உச்சவிலையில் ஓடும்.

கிழக்கு அமெரிக்காவின் பி.ஜே.எம். தொகுப்பில் முறை வேறு. அங்கே நிலையத்துக்குத் தயார்நிலைக்கென்றே தனிக் கட்டணம் உண்டு. வாங்கிக்கொண்டு அவசர நேரத்தில் தராவிட்டால் அபராதம், கூடுதலாகத் தந்தவர்களுக்கு அந்தப் பணம் போகும். 2022 டிசம்பர் குளிர்ப்புயலில் ஏறத்தாழ 46,000 மெகாவாட் நின்றும் அங்கே வீடுகளுக்கு மின்வெட்டு உத்தரவு போகவில்லை. அபராதக் கணக்கு சுமார் 180 கோடி டாலர் வந்தது. பிறகு பேச்சுவார்த்தையில் அதில் மூன்றில் ஒரு பங்கு போலத் தள்ளுபடியானது. வசூலில் உறுதி வேண்டும் என்பது இங்கே கற்கவேண்டியது. இந்த முறை இலவசமும் இல்லை: தயார்நிலைக் கட்டணம் 2025-26 ஏலத்தில் ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 28.92 டாலரிலிருந்து 269.92 டாலருக்கு ஏறியது. அதையும் நுகர்வோர்தான் கட்டுகிறார்.

2021-க்குப் பிறகு டெக்சாஸ் கொண்டுவந்த சட்டம் குளிர்த் தயாரிப்பைக் கட்டாயமாக்கி, மீறலுக்கு நாளொன்றுக்கு 10 லட்சம் டாலர்வரை அபராதம் என்கிறது. நல்லதுதான். ஆனால் அது தயாரிப்பைச் செய்யாததற்கான தண்டனை, மின்சாரம் தராததற்கு அல்ல. சோதனையில் தேறிய நிலையம் ஜனவரியில் விழுந்தால் அடிபடுவது மறுபடி நுகர்வோர்.

என் உறுதி தளர்வது எரிவாயு விஷயத்தில். 2021-ல் நின்ற யூனிட்டுகளில் பெரும்பங்கு எரிவாயுவில் ஓடுபவை. கிணற்று வாயிலில் எரிவாயுவோடு வரும் நீர் உறைந்தது. அத்தியாவசிய இணைப்பு என்று பதிவு செய்யாததால் சில எரிவாயு வசதிகளுக்கே மின்வெட்டு போனது, எரிவாயு இன்னும் குறைந்தது. இதற்கு நிலையத்தை மட்டும் தண்டிப்பது நியாயமா? முழு நியாயம் இல்லை. ஆனாலும் வளாகத்தில் டீசல் தொட்டி வைப்பதா, சேமிப்புக் கிடங்கோடு உறுதி ஒப்பந்தம் போடுவதா என்று முடிவெடுக்க முடிந்தவர் நிலைய முதலாளிதான். அபராதம் இருந்தால் கணக்குப் போடுவார். கிணற்றுக்காரருக்குத் தனி விதி வேண்டும், அதை இந்த வழி தீர்க்காது.

பி.ஜே.எம். முறையில் நான் மாற்றுவது ஒன்றுண்டு. அபராதப் பணம் மற்ற நிலையங்களுக்குப் போகாமல், வெட்டப்பட்ட வீடுகளின் பில்லில் கழியவேண்டும். டெக்சாஸின் ஸ்மார்ட் மீட்டர்கள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்கின்றன. எந்த வீடு எத்தனை மணிநேரம் இருட்டில் இருந்தது என்பது கம்பி நிறுவனத்தின் கணினியிலேயே கிடக்கிறது. மணிக்கு இவ்வளவு என்று விகிதம் வைத்து அடுத்த மாத பில்லில் கழிப்பதற்கு யாரும் மனுப் போடக்கூடத் தேவையில்லை.