உயில் எழுத ஒத்தக்கடைக்குப் போய் வந்தேன்

மதுரை ஒத்தக்கடையில் பத்திரம் எழுதும் ஒரு அண்ணனிடம் போன மாதம் என் உயிலை எழுதி, பதிவும் செய்துவிட்டேன். எனக்கு வயது 36. "நல்லா இருக்கிற பிள்ளை இப்ப எதுக்கு உயிலு கியிலுன்னு" என்று அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பெரிய மாமா விஷயத்தைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

மாமா கல்யாணம் செய்துகொள்ளாதவர், திருமங்கலத்தில் சொந்த வீடு. சின்ன மாமா இறந்ததும் அவர் மனைவியும் பையனும் பெரிய மாமாவோடுதான் இருந்தார்கள். பதினோரு வருஷம் அத்தைதான் சோறாக்கிப் போட்டு, சுகர் மாத்திரை எடுத்துக் கொடுத்து, கடைசி ஆறு மாதம் தூக்கி உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டார். "வீடு உனக்குத்தாம்மா" என்று மாமா சொன்னதை நானே என் காதால் கேட்டிருக்கிறேன். எழுதித்தான் வைக்கவில்லை. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளை, பெற்றோர் இல்லாதவர் சொத்து உயிரோடிருக்கும் உடன்பிறந்தவர்களுக்குப் போகும், இறந்த தம்பியின் மனைவி, மகனுக்கெல்லாம் முறை அதற்கும் பின்னால்தான். அம்மா தன் பங்குப் பணத்தை அத்தையிடமே கொடுத்துவிட்டார். கூடப் பிறந்த மற்ற இரண்டு பேருக்கு மனசு வரவில்லை. அத்தை இப்போது செல்லூரில் வாடகை வீட்டில் இருக்கிறார்.

சரி, அந்த அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். உட்கார்ந்ததும் எழுத ஆரம்பிக்கவில்லை, முக்கால் மணி நேரம் கேள்விதான் கேட்டார். பட்டா, தாய்ப் பத்திரம் எல்லாவற்றையும் வாங்கி நான்கு மால், அதாவது இடத்தின் நாலு பக்க எல்லை வரை சரிபார்த்தார். "தம்பி, நீங்களும் வீட்டுக்காரம்மாவும் ஒண்ணா வண்டியில போறீங்க, ஏதோ ஆயிப்போச்சு, பாப்பாவுக்கு யாரு கார்டியன்?" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. பேங்க்கில்தான் நாமினி போட்டிருக்கிறேனே என்றதற்கு, நாமினி பணத்தை வாங்கத்தான் முடியும், அது வாரிசுகளுக்குச் சேர வேண்டியது என்று பொறுமையாக விளக்கினார். சொத்து வாங்கப்போகிறவரைச் சாட்சி போட வேண்டாம், உங்களைவிட இளையவர்கள் இரண்டு பேரைக் கூட்டி வாருங்கள், நாளைக்குக் கோர்ட்டில் வந்து சொல்ல ஆள் இருக்க வேண்டும் என்றார். இப்படிச் சொல்லிக் கொடுக்கிற ஆள் கிடைப்பது பெரிய விஷயம்.

எனக்குப் பிடித்த இன்னொன்று, பதிவு கட்டாயமில்லை என்பதையும் அவரே சொன்னார். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் நாம் கையெழுத்துப் போட்டு, நம் முன்னால் அவர்களும் போட்டால் செல்லும். ஆனாலும் தொலையாது, 'அவர் கையெழுத்தே இல்லை' என்று யாரும் எளிதில் சொல்ல முடியாது என்பதால் நான் பதிவு செய்தேன். பதிந்த உயில் வில்லங்கச் சான்றில் வராது, நாம் உயிரோடிருக்கும்வரை நகலும் வேறு யாருக்கும் தர மாட்டார்கள். மனசு மாறினால் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் நிற்கும்.

குறையும் உண்டு. முதல் பிரதியில் சர்வே எண்ணின் உட்பிரிவு 3ஏ என்பது 3பி என்று அடித்திருந்தது, நான்தான் கண்டுபிடித்தேன். அதனால் யாரிடம் எழுதினாலும் வரிக்கு வரி வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உட்கார நாற்காலி போதாது, வயசானவர்களைக் கூட்டிப் போனால் காலையிலேயே போய்விடுவது நல்லது. கூலியாக 2,500 ரூபாய் வாங்கினார், வேலைக்கு அது தகும். ஐந்துக்கு நாலு தருவேன்.

வியாழக்கிழமை அத்தையைக் கூட்டிப் போகிறேன். அவரிடம் இருப்பது ஆறு பவுனும் தபால் ஆபீஸ் டெபாசிட்டும்தான். "இதுக்குப் போயி உயிலா தம்பி?" என்றார். அப்புறம் அவரே பீரோவைத் திறந்து பாஸ்புக்கைத் தேடி எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.