பழைய காரின் ஏசிக்கு வீட்டிலேயே கேஸ்: டாப்-அப் டின்னா, வேக்குவம் பம்ப்பா?

என் காருக்கு வயது 17. போன கோடையில் ஏசியைப் போட்டால் வெறும் ஃபேன் காற்றுதான் வந்தது. வீட்டிலேயே சரிசெய்ய இரண்டு வழி இருந்தது. ஒன்று, அழுத்தம் காட்டும் சின்ன கேஜும் ஒற்றை ஹோஸும் சேர்ந்து வரும், கேஸ் அடைத்த டாப்-அப் டின். மற்றது, இரட்டை கேஜ் செட், உள்ளே இருப்பதை உறிஞ்சிக் காலியாக்கும் வேக்குவம் பம்ப், ஒரு எடை மெஷின். டின்னில் ஆரம்பித்து, ஒரே சீசனில் பம்ப்புக்கு மாறிவிட்டேன். இனி டின் பக்கம் போவதாக இல்லை.

டின்னின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். செலவு குறைவு, கால் மணி நேர வேலை. அதன் கப்ளர் (மாட்டும் முனை) லோ சைடு, அதாவது அழுத்தம் குறைந்த பக்கத்து போர்ட்டில் மட்டும்தான் உட்காரும்; என்னுடையதைப் போல ஆர்-134ஏ என்ற கேஸில் ஓடும் வண்டிகளில் ஹை சைடு, அதாவது அழுத்தம் கூடிய பக்கத்து போர்ட் அளவில் பெரியது, அதனால் தவறாக மாட்ட வழியில்லை. இந்த ஏற்பாடு முக்கியமானது, ஏனென்றால் ஹை சைடில் டின்னை மாட்டினால் அது வெடிக்கலாம்.

முதல் டின் போட்டதும் கேஜின் முள் பச்சைப் பட்டைக்கு வந்தது, ஜில்லென்று ஆனது. ஆறு வாரம் ஓடியது. குளிர்ச்சி குறைந்ததும் இரண்டாவது டின். இந்த முறை ஓடும்போது பரவாயில்லை, சிக்னலில் நின்றால் காற்று வெதுவெதுப்பாகிவிடும். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரை இன்ஜினோடு இணைக்கும் கிளட்ச் டக் டக்கென்று விட்டு விட்டுப் பிடித்தது. முள் அப்போதும் பச்சையின் மேல் ஓரத்தில்தான் இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் மெஷின் போட்டு கேஸை எடுக்கச் சொன்னேன். வந்தது 710 கிராம். பானட்டின் உள்பக்க ஸ்டிக்கரில் இருந்ததோ 550.

எனக்கு முடிவைச் சொன்னது இந்த ஒரு கணக்குதான். கேஜ் காட்டுவது அழுத்தத்தை, எடையை அல்ல. உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும் வரை, அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டும்தான். வண்டி நிற்கும்போது, 30 டிகிரியில் 300 கிராம் இருந்தாலும் 550 கிராம் இருந்தாலும் முள் சுமார் 97 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அளவில்தான் நிற்கும். ஓடும்போது லோ சைடு அழுத்தம் வெயிலுக்கும் இன்ஜின் வேகத்துக்கும் ஏற்ப மாறும். அந்தப் பச்சைப் பட்டையை நம்பி ஏற்றுவது, எரிகிற அடுப்பின் மேல் உள்ள பாத்திரத்தின் சூட்டைத் தொட்டுப் பார்த்து உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று சொல்வதைப் போன்றது.

கேஸ் கூடினால் நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். கூடுதல் திரவம், வண்டியின் முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியே விடும் கன்டென்சரின் அடிக் குழாய்களை நிரப்பிக்கொள்ளும்; ஆவி குளிர்ந்து திரவமாக மாறுவதற்கான இடம் சுருங்கும்; ஹை சைடு அழுத்தம் ஏறும். வண்டி நின்று கன்டென்சருக்குக் காற்றோட்டம் குறையும்போது இன்னும் மோசம். என் சிக்னல் பிரச்சினை அதுதான். குறைந்தாலும் ஆபத்து: கம்ப்ரசர் ஆயில் கேஸோடுதான் சுற்றி வருகிறது, அது சரியாகத் திரும்பாமல் கம்ப்ரசரே ஜாம் ஆகலாம்.

ஆக, எடையைத் தெரிந்துகொள்ள ஒரே வழி காலியிலிருந்து தொடங்குவது. வேக்குவம் பம்ப் தருவது அந்தக் காலியைத்தான். காற்றை மட்டுமல்ல, ஈரத்தையும் இழுக்கும்: 30 டிகிரியில் அழுத்தம் சுமார் 4 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாக வெளியேறிவிடும். டின்னில் நேர்மாறு, ஹோஸில் இருக்கும் காற்றை முதலில் வெளியேற்றாவிட்டால், ஒவ்வொரு முறையும் அது உள்ளே போகும்.

கேஸை எடுக்கும் முன்பே எல்லா ஜாயின்ட்டிலும் சோப்பு நுரை தடவியிருந்தேன். லோ சைடு போர்ட்டின் மூடியைக் கழற்றி ஒரு சொட்டு விட்டேன். அரை நிமிடம் கழித்து கடுகளவு குமிழ் ஒன்று எழுந்து, உடைந்து, மறுபடி எழுந்தது. உள்ளே டயர் வால்வு பின் மாதிரியே ஒன்று இருக்கிறது, கசிவு அங்கேதான். டின் மாட்டும் இடமும் அதே. காலியானதும் அந்தப் பின்னை மாற்றி, 45 நிமிடம் பம்ப் ஓட்டி, வால்வை மூடி அரை மணி நேரம் விட்டேன். முள் அசையவில்லை. பிறகு சிலிண்டரை எடை மெஷினில் வைத்து சரியாக 550 கிராம் ஏற்றினேன். ஒன்று சொல்ல வேண்டும்: வேக்குவம் குறையாமல் நின்றதாலேயே கசிவே இல்லை என்று ஆகாது. அதில் வித்தியாசம் ஒரு வளிமண்டல அழுத்தம்தான். கேஸ் உள்ளிருந்து தள்ளுவது அதைவிடப் பல மடங்கு.

கோளாறு கண்டுபிடிக்கவும் இரண்டு முள் வேண்டும். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் கேஸ் அதிகம், இல்லை கன்டென்சர் ஃபேன் ஓடவில்லை. லோ உயர்ந்து ஹை தாழ்ந்தால் பெரும்பாலும் கம்ப்ரசர் தளர்ந்துவிட்டது. டின்னின் ஒற்றை முள்ளுக்கு கேஸ் அதிகமானதும் கம்ப்ரசர் தளர்ந்ததும் ஒன்றுதான். கசிவை அடைக்கும் மருந்து கலந்த டின் என்றால் தொடவே வேண்டாம். ஒர்க்‌ஷாப் மெஷினுக்குள் போய் அடைத்துக்கொள்ளும் என்று பல இடங்களில் அந்த வண்டியை எடுக்கவே மாட்டார்கள்.

என் அனுபவம் ஒரே வண்டி, சாதாரண கிளட்ச் கம்ப்ரசர், சரிசெய்த பிறகு ஒரு வருடம். தேவைக்கேற்பத் தன் வேலையளவைத் தானே மாற்றிக்கொள்ளும் வேரியபிள் கம்ப்ரசர் உள்ள வண்டியில் இந்த முள் கணக்கை அப்படியே நம்ப மாட்டேன். ஆர்-12 என்ற பழைய கேஸ் காலத்து வண்டியைத் தொட்டதில்லை. அவற்றில் இருப்பது மினரல் ஆயில், ஆர்-134ஏ அதோடு கலக்காது, வேலை வேறு.

பம்ப் வாங்கினாலும் ஒர்க்‌ஷாப் அறவே வேண்டாம் என்று ஆகிவிடாது. உள்ளே கேஸ் மிச்சம் இருந்தால் எடுப்பது அவர்கள் வேலை. காற்றில் திறந்துவிடாதீர்கள்: 100 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-134ஏ, 1,400 கிலோவுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகச் சூடேற்றும், பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட. ஹோஸைக் கழற்றும்போது பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அது கொதிப்பது மைனஸ் 26 டிகிரியில், ஒரு தெறிப்பு போதும் கண்ணுக்கு.