பதினெட்டுக்கு இருபது: கால்குலேட்டர் பிளாக்ஜாக்கோடு ஆறு ஆண்டுகள்

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் பார்க்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "மக்கா, நீ ஒரு கால்குலேட்டரில் சீட்டு ஆடுவாயே, அது இன்னும் வேலை செய்கிறதா? எனக்கும் ஒன்று கிடைக்குமா?" காரணம் தெரிந்ததுதான். பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடைச் சட்டம் இயற்றிய பிறகு அவருடைய கைப்பேசியிலிருந்து ரம்மி போய்விட்டது. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

அவருக்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன். அது ஏன் அப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

என்னிடம் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் 83 பிளஸ் என்ற வரைபடக் கால்குலேட்டர். 1999இல் சந்தைக்கு வந்த மாடல். சித்தி மகன் அமெரிக்காவில் படிப்பை முடித்து ஊருக்கு வந்தபோது என் மேசையில் விட்டுப்போனான். தக்கலையில் டியூஷன் எடுக்கிறேன். நம் பிள்ளைகள் இதைத் தேர்வறைக்குள் கொண்டுபோக முடியாது. சைன் வளைவு வரைந்து காட்டியதோடு அதன் கல்விச் சேவை முடிந்தது. ஆனால் உள்ளே, தம்பி பள்ளி நாட்களில் பேசிக் (BASIC) என்ற நிரல் மொழியில் எழுதிய ஒரு பிளாக்ஜாக் இருந்தது. 21ஐத் தாண்டாமல் அதற்கு யார் நெருங்கி வருகிறார்கள் என்று டீலரோடு மோதும் சீட்டாட்டம்; ஜாக்கிக்குப் பத்து, ஏஸுக்கு ஒன்று அல்லது பதினொன்று. கையில் ஆயிரம் ரூபாய் கொடுத்துத் தொடங்கும். எட்டு வரி, வரிக்குப் பதினாறு எழுத்து, அவ்வளவுதான் மொத்த அரங்கமும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வடசேரி பஸ் நிலையத்தில் உச்சி வெயிலில் நிற்கும்போது கைப்பேசித் திரை கண்ணாடியாகிவிடும். இந்தப் பச்சைச் சாம்பல் திரை வெயில் ஏற ஏறத் தெளியும். விளம்பரம் இல்லை, பணம் போடு என்ற நச்சரிப்பு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அதன் மந்தம். 6 மெகாஹெர்ட்ஸ் சில்லு பேசிக் நிரலை வரிவரியாகப் படித்து நடத்துவதால், டீலர் சீட்டு இழுக்கும்போது ஒரு கணம் தயங்குவார். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டு யோசிப்பது போலவே இருக்கும். வேகமான எந்தச் சாதனத்திலும் இந்தச் சுகம் எனக்குக் கிடைத்ததில்லை. இரவில் மின்சாரம் போனால் மட்டும் டார்ச் அடிக்க வேண்டும், திரைக்குப் பின்விளக்கு கிடையாது. அதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது அந்த முதல் ஆட்டம்.

எனக்கு ஜாக்கி. டீலருக்கு ஒன்பது. எனக்கு எட்டு. டீலருக்கு ஒரு மூடிய சீட்டு. என் கையில் 18. இதற்கு மேல் சீட்டுக் கேட்பவன் முட்டாள் என்று பிளாக்ஜாக் தெரிந்த எவரும் சொல்வார்கள். நிறுத்துகிறேன். மூடிய சீட்டு திறக்கிறது: ஏஸ். டீலருக்கு 20. தோல்வி. ஒருமுறை நடந்தால் விதி எனலாம். கால்குலேட்டரின் நினைவு அழியும் ஒவ்வொரு முறையும் இதே நான்கு சீட்டு, இதே வரிசை. ஒருநாள் ஆத்திரத்தில் 18இலும் சீட்டுக் கேட்டேன். ஒன்பது வந்தது. 27. எப்படி ஆடினாலும் சாவுதான்.

நினைவு ஏன் அழிகிறது என்றால், ரிமோட்டுக்குப் போடுகிற மெல்லிய செல் நான்கைத் தவிர உள்ளே ஒரு பொத்தான் பேட்டரியும் உண்டு. செல்லை மாற்றும் நேரத்தில் நினைவைக் காப்பது அதன் வேலை. என்னுடையதில் அது செத்துக் கிடந்தது. ஸ்பிரிங்குகளும் தளர்ந்துவிட்டன. வில்லுக்குறி தாண்டி ஒரு குழியில் பஸ் இறங்கி ஏறினால் போதும், நினைவு அழிந்தது என்ற செய்தி திரையில் நிற்கும். 46,500 ரூபாய் வரை சேர்த்த சொத்து ஒருநாள் அப்படித்தான் போனது. தாளில்லாத பணம்தான், ஆனாலும் வயிறு எரிந்தது. நிரலின் பிரதி ஒன்றை அழியாத காப்பகத்தில் வைத்திருந்ததால் ஆட்டமாவது மிஞ்சியது.

பேட்டரி தேடி அலைந்த கதை வேறு. வேண்டியது 1616 அல்லது 1620: முதல் இரண்டு இலக்கம் விட்டம் மில்லிமீட்டரில், அடுத்த இரண்டு தடிமன், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக் கணக்கில். எந்தக் கடையில் கேட்டாலும் 2032 எடுத்து நீட்டுவார்கள். அது 20 மில்லிமீட்டர், குழிக்குள் இறங்கவே இறங்காது. ஒரு கடையில் சின்னப் பேட்டரியை வெள்ளித்தாளில் சுற்றித் திணித்து ஐம்பது ரூபாய் வாங்கினார்கள். அது வீடு வந்து சேரும்வரைகூட வேலை செய்யவில்லை. கடைசியில் நாகர்கோவிலில், கார் சாவி ரிமோட் பழுது பார்க்கும் ஒருவரிடம் 1620 கிடைத்தது.

ஆனால் பேட்டரி நோயை மறைக்கிறதே தவிர நோய் அது இல்லை. நிரலைத் திறந்து படித்தேன். சீட்டெடுக்க தம்பி எழுதியிருந்தது ஒரே வரி: 0க்கும் 1க்கும் இடைப்பட்ட ஒரு சீரற்ற எண்ணை 52ஆல் பெருக்கு, முழு எண்ணாக்கு, ஒன்று கூட்டு. எடுத்த சீட்டைக் கட்டிலிருந்து நீக்கவும் இல்லை. ஒரே ஆட்டத்தில் இரண்டு இஸ்பேட் ஏழு வந்த மர்மம் அன்றுதான் விளங்கியது. அந்தச் சீரற்ற எண்ணைத் தருவது கனடாவைச் சேர்ந்த பியேர் லெக்குயே 1988இல் வெளியிட்ட முறை. நல்ல முறைதான், ஆனால் எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமே. நினைவு அழிந்த 83 பிளஸ் தொடங்கும் இரண்டு எண்கள் 12345, 67890. சூட்கேஸ் பூட்டுக்குக்கூட யாரும் அப்படி எண் வைக்க மாட்டார்கள்! முதலாவதை 40014ஆலும் அடுத்ததை 40692ஆலும் பெருக்கி, மீதியெடுத்து, கழித்து, பிள்ளைகளின் ரஃப் நோட்டில் கையால் போட்டுப் பார்த்தேன். 0.9435974 வந்தது. அதை 52ஆல் பெருக்கினால் 49 சொச்சம். ஒன்று கூட்ட, 50ஆம் சீட்டு. ஜாக்கி. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

தம்பிக்குத் தொலைபேசியில் நல்ல வசவு. "அண்ணா, எனக்கு அப்போது பதினாறு வயது," என்றான். நியாயம்தான். இதற்கு அடுத்து 2004இல் வந்த 84 பிளஸ்ஸில் கடிகாரம் இருக்கிறது, நேரத்தை விதையாக, அதாவது தொடக்க எண்ணாக, கொடுக்கலாம். இதில் அதுவும் இல்லை. நானே நான்கு வரி சேர்த்தேன். ஆட்டம் தொடங்குமுன், நான் ஒரு பொத்தானை அழுத்தும்வரை நிரல் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எந்த எண்ணில் அழுத்துகிறேனோ அதுவே விதை. அன்றிலிருந்து அந்த ஜாக்கியும் எட்டும் ஒன்றாக வரவில்லை.

இப்போது ஆட்டம் ஒழுங்காக இருக்கிறது. எனக்குத்தான் முன்பு போல் ருசிக்கவில்லை. முன்பெல்லாம் அந்த முதல் ஆட்டத்துக்கு ஒரு ரூபாய் வைத்து, சிதறு தேங்காய் உடைப்பது போலத் தோற்றுவிட்டுத்தான் தொடங்குவேன். இப்போது முதல் ஆட்டத்திலேயே நூறு வைத்து நிஜமாகவே தோற்கிறேன்.

நண்பரிடம் வேண்டாம் என்று சொன்னேன். பழைய இயந்திரம், கிடைக்காத பேட்டரி, விளக்கில்லாத திரை. காசுக்குப் பெறாது. அப்படியானால் உன்னுடையதையே கொடு, இரண்டாயிரம் தருகிறேன் என்றார். மூவாயிரம் வரை ஏறினார். தருவதாக இல்லை.