மலிவான மின்சாரப் புல்வெட்டி வண்டி: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

வீட்டுப் புல்வெளிக்கு, ஏறி உட்கார்ந்து ஓட்டும் மின்சார வண்டியைக் குறைந்த செலவில் வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் விலை குறைந்த பேட்டரியைத் தேடுவதில்தான் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு முறை வெட்டி முடிக்க எத்தனை யூனிட் மின்சாரம் வேண்டும்?

ஒரு ஏக்கர் என்றால் சுமார் 4,000 சதுர மீட்டர். 90 செ.மீ. அகலம் வெட்டும் வண்டியில், ஒவ்வொரு தடமும் முந்தைய தடத்தின் ஓரத்தில் கொஞ்சம் ஏறிப் போவதைக் கழித்தால் 80 செ.மீ. மிஞ்சும். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேர வேலை, திரும்பும் நேரத்தோடு ஒன்றேகால் மணி. ஆளோடு 300 கிலோ வண்டியைச் சமதளத்தில் நகர்த்த ஏறத்தாழ 400 வாட் போதும். பிளேடுகளுக்குத்தான் ஒன்றரை கிலோவாட் போகிறது, ஈரப் புல் என்றால் இன்னும் கூடும். மொத்தம் இரண்டரை யூனிட் என்று வைத்துக்கொள்வோம்.

இனி பேட்டரி. கார்களிலும் இன்வெர்ட்டர்களிலும் இருக்கும் லெட்-ஆசிட் வகையைப் பாதிக்கு மேல் அடிக்கடி வடிய விட்டால் ஆயுள் சுருங்கிவிடும். ஆகவே இரண்டரை யூனிட் எடுக்க 5 யூனிட் பேட்டரி வேண்டும், அதன் எடை 150 கிலோவை ஒட்டி வரும். லித்தியம் பேட்டரியில் ஒரு வகையான லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம். 16 செல், 51.2 வோல்ட், 60 ஆம்பியர்-மணி, அதாவது சுமார் 3 யூனிட் பேட்டரி போதும். எடை 30 கிலோ சுற்றி. இடையிலுள்ள 120 கிலோ சும்மா உட்கார்ந்திருக்காது. 15 டிகிரி சரிவில் அதை மேலேற்ற மட்டும் 400 வாட்டுக்கு மேல் கூடுதலாக வேண்டும். வண்டியின் சட்டகம் கனமாக வேண்டும், மோட்டார் பெரிதாக வேண்டும், ஈர மண்ணில் டயர் தடம் பதியும். கடையில் மிச்சம் பிடித்த பணம் இப்படி வேறு வழியில் போய்விடும். புல் வளராத மாதங்களில் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் லெட்-ஆசிட்டின் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டுவிடும் என்பது தனிக் கவலை.

லெட்-ஆசிட் எப்போதுமே தப்பு என்று சொல்லவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் 1969-இல் கொண்டுவந்த எலெக்-டிராக் வண்டி, ஆறு 6 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிகளில்தான் ஓடியது. 1,000 சதுர மீட்டர் சமதளம் என்றால் 40 கிலோ பேட்டரி போதும், அங்கே அதன் விலை நியாயமானது. அதற்கு மேல், அல்லது சரிவு இருந்தால், லித்தியம் அயர்ன் பாஸ்பேட்தான் என் தேர்வு. உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் என்ற இன்னொரு லித்தியம் வகை இன்னும் லேசானதுதான். ஆனால் பத்துக் கிலோ குறைவதற்காகத் தீப்பிடிக்கும் அபாயத்தைக் கூட்டிக்கொள்ள இந்த வண்டியில் காரணமே இல்லை.

பிளேடை எப்படிச் சுழற்றுவது? ஒரே மோட்டார், பெல்ட் என்பது பழகிய வழி. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் ஒன்று போதும், பெல்ட் அறுந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பெல்ட்டிலும் கப்பியிலும் கொஞ்சம் சக்தி உராய்வாகப் போகும். ஒவ்வொரு பிளேடுக்கும் ஒரு மோட்டார் வைத்தால் கண்ட்ரோலர் செலவு கூடும். பிளேடுகள் ஒன்றையொன்று இடிக்காமல் ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாகத் தள்ளி வைக்கவும் வேண்டும். இருந்தும் நான் இதற்கே வாக்களிப்பேன், வேகத்தை இஷ்டப்படி குறைக்க முடிவதால். காற்றைக் கிழிக்க ஆகும் சக்தி வேகத்தின் மும்மடிப்படி (வேகம் × வேகம் × வேகம்) ஏறும்: நிமிடத்துக்கு 3,000 சுற்றிலிருந்து 2,500-க்கு இறக்கினால் அந்தப் பங்கு 40 சதவீதம் குறையும். எந்தப் பிளேடின் மோட்டார் திணறுகிறது என்பதும் மின்னோட்டத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். 46 செ.மீ. பிளேடு 3,000 சுற்றில் ஓடும்போது நுனி நொடிக்கு 72 மீட்டர் வேகம் போகிறது. மெல்லிய புல்லுக்கு அது தேவையே இல்லை. பிளேடு கூர்மையாக இருந்தால் இன்னும் மிச்சம், அதற்குச் செலவு ஒரு அரம் மட்டும்.

ஓட்டும் பக்கம் முடிவு சுலபம். சக்கரத்துக்குள்ளேயே அமைந்த இரண்டு ஹப் மோட்டார் வைத்து நின்ற இடத்தில் திரும்பும் வண்டி அழகுதான். ஆனால் கண்ட்ரோலர் இரண்டு, முன்னால் வெறுமனே உருளும் சக்கரங்கள், சரிவில் பின்சக்கரம் வழுக்கினால் திசையே கையை விட்டுப் போகும். ஒரு மோட்டார், கியரும் அச்சும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு டிரான்ஸ்ஆக்சில், சாதாரண ஸ்டியரிங் போதும்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் பிரேக். மோட்டாரை வைத்தே வேகம் குறைக்கும் வண்டியில், சரிவில் இறங்கும்போது பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று துண்டித்துக்கொண்டால் பிரேக்கும் கூடவே போய்விடும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் அழுத்தித் தானே பிடித்துக்கொள்ளும் மின்காந்த பிரேக் ஒன்று கட்டாயம் வேண்டும். இருக்கையை விட்டு ஆள் எழுந்ததும் பிளேடை நிறுத்தும் சுவிட்சும், பேட்டரி முனையை ஒட்டியே ஒரு பியூஸும் அதோடு சேர்த்தி.